ஒரே மருந்துக்கு இரண்டு பெயர்

கேள்வி: எங்களுக்கு ஊர் தேனி மாவட்டம் கூடலூர். அம்மாவுக்கு வயது 61. இருபது வருடமாகக் குமுளி வழியாக மேலே ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிறார். ஆறு வருடமாகச் சுகரும் பிரஷரும் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் தரும் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். இரண்டு மாதத்துக்கு முன் கேரளத்துக் கட்டப்பனையில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது காய்ச்சல் வந்து, அங்கே ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினார்கள். சுகர் கூடியிருக்கிறது என்று அவர் வேறு மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார். அம்மா பழையதையும் விடவில்லை. "அது கவர்ன்மென்ட் மாத்திரை, இது காசு கொடுத்து வாங்கினது, ரெண்டும் வேற வேற" என்றார். போன வாரம் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தபோது குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, செடிக்கடியிலேயே சாய்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் கட்டன் சாயாவில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கொடுத்து எழுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பயந்துபோய் எட்டு நாளாக எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டார். நேற்று பார்த்தால் வெறும் வயிற்றிலேயே சுகர் 286. மூட்டுவலிக்கு மெடிக்கலில் "செட்" வாங்கிப் போடும் பழக்கமும் உண்டு. அண்ணி ஒரு கஷாயம் கொடுத்துவிட்டிருக்கிறார். இதில் எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது? அட்டைகளில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.
— ஒரு மகள், கூடலூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நான்கு வரி பதில் அனுப்பினேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். பழைய சுகர் மாத்திரையையும் புதிய சுகர் மாத்திரையையும் இனி ஒரே நாளில் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் நிறுத்திவைத்து நாளைக் கடத்தவும் கூடாது. மறுநாளே அம்மாவையும் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடையில் வாந்தியோ, அடங்காத தாகமோ, ஆளே மந்தமாகிப் போவதோ தெரிந்தால் மறுநாள் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று முடிவு செய்ய வேண்டியவர் அம்மாவைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர். மருந்தாளுநரான நான் கடிதத்தைப் பார்த்து அதைச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் என்ன நடந்தது என்று சொல்ல முடியும். நீங்கள் அட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டி முழுசாக எழுதி அனுப்பியது பெரிய உதவி.

அரசு ஆஸ்பத்திரி மாத்திரைகள் மூன்று. மெட்பார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 காலையில், அம்லோடிபின் 5 இரவில். கட்டப்பனைச் சீட்டில் இரண்டு. ஒன்று டெல்மிசார்டன் 40, காலையில். இன்னொன்று காலையும் இரவும் போடச் சொன்ன பெரிய மாத்திரை. அதன் அட்டையில் பெரிதாகக் கம்பெனி வைத்த பெயர் இருக்கிறது. அதை இங்கே போடவில்லை, எந்தக் கம்பெனி என்பது விஷயமே இல்லை. அந்தப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதையும் எழுதியிருந்தீர்களே, அதுதான் விஷயம்: கிளிமிபிரைடு 2 மில்லிகிராம், மெட்பார்மின் 500 மில்லிகிராம்.

பார்த்தீர்களா? அம்மா வேறு வேறு என்று நினைத்த இரண்டும் ஒரே மருந்துதான். முன்பு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் கிளிமிபிரைடு போட்டுக்கொண்டிருந்தவர், இரண்டையும் சேர்த்ததும் 5 மில்லிகிராம் போட்டிருக்கிறார். மெட்பார்மின் 1000 இருந்த இடத்தில் 2000. அம்மாவிடம் ஒரு தப்பும் இல்லை. இரண்டு டாக்டர்கள் சொன்னதையும் அப்படியே கேட்டிருக்கிறார், ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. அந்த இரண்டு டாக்டர்களுக்கும் மற்றவர் என்ன கொடுத்தார் என்பது மட்டும் தெரியவில்லை.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இது வாரத்துக்கு ஒன்றாவது வரும். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அது மருந்தின் சொந்தப் பெயரிலேயே வாங்கும். கம்பெனி மாறும்போது அட்டையின் நிறம் மாறும், மாத்திரையின் உருவம்கூட மாறும், உள்ளே இருப்பது மாறாது. தனியார் கடைகளில் விற்பதற்கோ கம்பெனிக்கு ஒரு பெயர். கிளைக்கோமெட் ஜிபி என்று ஒரு அட்டை, அமரில் எம் என்று ஒரு அட்டை. இரண்டையும் திருப்பிப் பார்த்தால் அதே கிளிமிபிரைடு, அதே மெட்பார்மின். காய்ச்சலுக்கு வாங்கும் கால்பாலும் டோலோவும் அப்படித்தான், இரண்டுமே பாரசிட்டமால். ஒன்று கேட்கவில்லை என்று இன்னொன்றையும் போடுகிறவர்கள் ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போடுகிறார்கள். அளவு மீறினால் பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்கும்.

பிரஷர் மாத்திரைக் கதை வேறு. அம்லோடிபினும் டெல்மிசார்டனும் ஒரே மருந்து இல்லை. வேலை செய்யும் விதமும் வேறு, இரண்டையும் சேர்த்தே பலருக்குக் கொடுப்பதும் உண்டு. அதனால் அதை இரட்டிப்பு என்று நானாகச் சொல்லிவிட முடியாது. கட்டப்பனை டாக்டர் அம்லோடிபினோடு டெல்மிசார்டனைச் சேர்க்கச் சொன்னாரா, அம்லோடிபினுக்குப் பதிலாகச் சொன்னாரா? சீட்டில் அது இல்லை. ஒருவேளை அம்மா ஏற்கெனவே அம்லோடிபின் சாப்பிடுவதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். புதிதாக ஒரு மாத்திரை எழுதும்போதெல்லாம் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இது பழையதோடு சேர்த்தா, பழையதற்குப் பதிலா?" இந்த ஒரு கேள்வியை அம்மா மனப்பாடம் செய்துகொண்டால் போதும். மலையாளத்திலும் கேட்டுவிடலாம், "இது பழயதின்டெ கூடெயாணோ, பகரமாணோ?" என்று. பகரம் என்றால் பதிலாக.

இப்போது அந்தத் தோட்டத்துக் காலைக்கு வருகிறேன். என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

அம்மா நாலரைக்கு ஜீப் ஏறுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒரு டம்ளர் டீயோடு மாத்திரைகளை விழுங்கிவிடுகிறார், ஏனென்றால் சீட்டில் "காலை" என்று இருக்கிறது. லோயர் கேம்ப் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, குமுளி போய், அங்கிருந்து தோட்டம் சேர்ந்து, கொஞ்சம் வேலை பார்த்த பிறகு தூக்குவாளியைத் திறக்கும்போது மணி பத்து. கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. விழுங்கி இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், அதன் வேலை நாள் முழுக்க நீடிக்கும். அதனால்தான் அதை அன்றைய முதல் முழுச் சாப்பாட்டோடு, அல்லது அதற்குச் சற்று முன்னால் போடச் சொல்கிறோம். டீயும் ஒரு பிஸ்கட்டும் முழுச் சாப்பாடு ஆகாது. அம்மா மலைச்சரிவில் குனிந்து சரத்தில் காய் எடுக்கிறார், உடம்பு வேறு சர்க்கரையைச் செலவழிக்கிறது. ஒரு மில்லிகிராமுக்குப் பதில் அந்தக் காலையில் மட்டும் மூன்று மில்லிகிராம் உள்ளே போயிருக்கிறது. அவர் சாயாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

"1-0-1", அதாவது காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதும் டாக்டர் எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிற ஆளை மனதில் வைத்து எழுதுகிறார். காலை என்பது அம்மாவுக்கு எத்தனை மணி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதைச் சொன்னால் அவர் வேளையை மாற்றலாம், மாத்திரையையே மாற்றலாம், சர்க்கரையை அதிகம் இறக்காத வேறு மருந்து தரலாம். என்னிடம் வரும் தோட்டத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் டாக்டரிடம் ஜீப் நேரத்தைச் சொன்னதே இல்லை. "அவர் கேட்கல" என்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், தயவுசெய்து.

கூட இருந்தவர்கள் சர்க்கரை போட்ட கட்டன் சாயா கொடுத்தது சரியான வைத்தியம். அந்தப் பெண்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, கண் இருட்டு, பேச்சுக் குழறல் எல்லாம் வரும். ஆள் விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் சோறோ இட்லியோ சாப்பிட வைக்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். மலையிலும் அதே எண்தான், கீழேயும் அதே எண்தான். இன்னொன்றையும் அந்தப் பெண்களிடம் சொல்லிவையுங்கள். கிளிமிபிரைடால் இறங்கிய சுகர், ஏறிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி இறங்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று திரும்பவும் காய் எடுக்க விடாமல், அன்றே கீழே கூட்டிக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்ட வேண்டும். இனி அம்மா தோட்டத்துக்குப் போனால் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கட்டும்.

பயந்து எல்லாவற்றையும் நிறுத்தியது மனசுக்குப் புரிகிறது. விழுந்தவருக்குத்தானே அந்தப் பயம் தெரியும். ஆனால் விழவைத்தது ஒரு மருந்து, நிறுத்தியது நான்கு. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் சத்தமில்லாமல் ஏறும், தலைவலிகூடப் பலருக்கு வராது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் நிறுத்துவதற்கு முன்னால் ஒரு போனாவது செய்து கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாத நாளில் தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் 1056, இரண்டும் சுகாதார ஆலோசனைக்கு உள்ள எண்கள்.

ஒத்துக்கொள்ளாததும் ஒரு நோய் போலவே வேஷம் போடும். அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் தரும். எனலாபிரில், ராமிபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் விடாத வறட்டு இருமல் தரும். வீக்கத்துக்குச் சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் நீர் மாத்திரை, இருமலுக்கு சிரப் என்று கடையில் கேட்டு வாங்கினால், ஒரு மாத்திரையின் தொந்தரவை மறைக்க இன்னொரு மாத்திரை ஆகிவிடுகிறது. இருமல் சிரப் கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "பிரஷருக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்றுதான்.

ஒரு வேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான மாத்திரைகளை நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளைக்கு உள்ளதைச் சேர்த்துப் போடவே கூடாது. கிளிமிபிரைடுக்குக் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு: சாப்பாடு இல்லாத வேளைக்கு அந்த மாத்திரையும் இல்லை. விரதம், வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கும் நாட்களில் மெட்பார்மினையும் பிரஷர் மாத்திரையையும்கூட இரண்டொரு நாள் நிறுத்தச் சொல்லலாம், அதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அந்தச் "செட்". இதைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன்.

ஒரு சின்னக் காகித உறை. உள்ளே அட்டையிலிருந்து பெயர் தெரியாதபடி வெட்டி எடுத்த நான்கு மாத்திரைகள். வெள்ளையில் பெரியது ஒன்று, மஞ்சள் ஒன்று, காப்ஸ்யூல் ஒன்று, மிளகு போலக் குட்டியாக ஒன்று. போட்ட சில மணி நேரத்தில் வலி பறந்துவிடும், மறுநாள் குத்தவைத்துக் காய் எடுக்கலாம். அந்தக் குட்டி மாத்திரைதான் அந்த மாயத்தைச் செய்கிறது. பல சமயம் அது டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன், அதாவது ஸ்டீராய்டு. தேவைப்பட்டவருக்கு டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் அது உயிர்காக்கும் மருந்து. வாரத்துக்கு மூன்று தடவை கடையில் வாங்கிப் போட்டால் சுகரை ஏற்றும், பிரஷரை ஏற்றும், எலும்பைக் கரைக்கும். கட்டப்பனையில் பார்த்த அன்று அம்மாவின் சுகர் ஏன் கூடியிருந்தது? காய்ச்சலாலும் கூடும். அந்த வாரம் செட் போட்டிருந்தால் அதனாலும் கூடும். டாக்டர் அதைத் தெரியாமல் சுகர் மாத்திரையைக் கூட்டியிருப்பார். செட் நின்றதும் சுகர் தானாக இறங்கும், கூட்டிய மாத்திரை மட்டும் அப்படியே இருக்கும். உங்கள் வீட்டில் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்க முடியும், ஆகவே டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாதக்கணக்காக அடிக்கடி போட்டுவந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டை ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து.

செட்டில் அநேகமாக இருக்கும் இன்னொன்று டைக்ளோபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை. டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர் அதைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் அடிபடும், நீர் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். மெட்பார்மின் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அம்மாவுக்கு கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்தத் தடவையே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூட்டுவலி பொய் என்று நான் சொல்லவில்லை, இருபது வருடம் சரிவில் குந்தியிருந்த முட்டி வலிக்கத்தான் செய்யும். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன, டாக்டரே அளவு சொல்லிப் பாரசிட்டமால் தருவார், பயிற்சி சொல்லித் தருவார். பெயரைப் படிக்க முடியாத மாத்திரை உங்கள் வீட்டுக்குள் வர வேண்டாம். செட் கட்டிக் கொடுப்பவர்கள் என் தொழிலில் இருப்பவர்கள்தான். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளை விற்பது சட்டப்படியே குற்றம்.

அண்ணி அனுப்பிய கஷாயம். கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி வந்தால் மலையிலிருந்து பாட்டில்கள் இறங்கும், அன்பில் அனுப்புவது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் என்ன மூலிகைகள் என்று பாட்டிலில் பார்த்துச் சொல்லுங்கள். அதிமதுரம் அதிகமாக, நாள்பட உள்ளே போனால் பிரஷரை ஏற்றும், ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். பாகற்காய்ச் சாறும் சர்க்கரையைக் குறைக்கப் பார்க்கும், கிளிமிபிரைடோடு சேர்ந்தால் கூடுதலாக இறங்கலாம். சுகர் நிலைப்படும் வரை அந்தப் பாட்டில் மூடியே இருக்கட்டும். கம்பம் திராட்சையைப் பற்றியும் ஒரு வார்த்தை, பல பேர் கேட்கிறார்கள். கொழுப்பு மாத்திரைத் தாளில் "கிரேப் ஃப்ரூட் கூடாது" என்று இருப்பது நம் பன்னீர் திராட்சையை இல்லை. அது பம்பளிமாஸ் ஜாதியைச் சேர்ந்த ஒரு பழம். பம்பளிமாஸையும் அந்த மாத்திரைக்காரர்கள் டாக்டரிடம் கேட்டுச் சாப்பிடுவது நல்லது. திராட்சையைச் சுகருக்காக அளவாகச் சாப்பிட்டால் போதும்.

மலைக்கு மேல் மொழியும் ஒரு சிக்கல். பல வருடத்துக்கு முன் ஒரு பாட்டி என் கடைக்கு வந்தார், ஆள் வற்றிப்போயிருந்தார், காலெல்லாம் குரக்களி இழுக்கிறது என்றார். கையில் நீர் மாத்திரை அட்டை. ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறீர்கள் என்றேன். "ஒண்ணரை" என்றார். யார் சொன்னது என்றேன். மேலே மருந்து கொடுத்த நர்ஸம்மா சொன்னார்களாம், "ஒன்னராடன்" என்று. மலையாளத்தில் ஒன்னராடன் என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு நாளைக்கு ஒன்று போட வேண்டியவர் இரண்டு நாளைக்கு மூன்று போட்டிருக்கிறார். அந்த நர்ஸம்மா சரியாகத்தான் சொன்னார், பாட்டியும் சரியாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து மலை மேல் மருந்து வாங்கும் யாரிடமும் நான் சொல்வது இதுதான்: வாயால் சொன்னதை நம்பிப் புறப்படாதீர்கள், ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் பேனாவால் எழுதி வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் சூரியன் ஒன்று, நிலா ஒன்று வரைந்து தரச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் சொன்னதை நீங்கள் ஒரு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "சேஷம்" என்றால் பிறகு, "முன்பு" நம் முன்புதான், "குளிக" என்றால் மாத்திரை, "மருந்து கழிக்கணும்" என்றால் சாப்பிட வேண்டும். கடைசிச் சொல் புதிதாகப் போகிறவர்களைத் திண்டாட வைக்கும்.

மாத்திரைகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடுப்படி அலமாரியாக இருந்தால் மாற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் கொட்டி வைப்பது அம்மாக்களின் வழக்கம். டெல்மிசார்டனை அப்படி வைக்கவே கூடாது. அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மருந்து, விழுங்கும் நேரத்தில்தான் அட்டையைக் கிழிக்க வேண்டும். மழைக்காலத்தில் கட்டப்பனை வீட்டில் துணியே காயாது, மாத்திரை என்ன பாடுபடும். நாள்வாரியாகப் பிரித்து வைப்பதானால் அட்டையோடு சேர்த்துக் கத்தரித்து வையுங்கள். கத்தரிக்கும்போது காலாவதி தேதி அச்சிட்ட முனையைக் கடைசி வரை விட்டுவையுங்கள், மற்ற முனையிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தேதியில் மாதம் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம் என்று அர்த்தம். அட்டையில் பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் என்று இருந்தால் மருந்து மெல்ல மெல்ல இறங்கும்படி செய்தது. அதைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, பாதியாக உடைக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உடைக்க வேண்டும்.

அண்ணன் வீட்டில் காய்ச்சலுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் நான்கு மீதி இருக்கிறது, அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும் பாருங்கள், டாக்டர் சொல்லாமல் தொடாதே என்பதற்காக 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மக்களுக்கு அறிமுகப்படுத்திய அடையாளம் அது. அடுத்த காய்ச்சல் வைரஸ் காய்ச்சலாக இருந்தால் அந்த நான்கும் ஒன்றும் செய்யாது, கிருமிக்குப் பழக்கம் மட்டும் ஆகும். பக்கத்து வீட்டு அக்காவின் சுகர் மாத்திரையை மாதக் கடைசியில் கடன் வாங்குவதும் அப்படித்தான். அதே பெயராக இருந்தாலும் மில்லிகிராம் வேறாக இருக்கும். மாத்திரை தீர்வதற்கு ஐந்து நாள் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். அம்மா விடியுமுன் போய் இருட்டி வருவதால் வருகிற தன்னார்வலரைப் பார்க்க முடியாமல் போகலாம், நீங்கள் வாங்கி வையுங்கள், புதிதாக ஏதாவது சேர்ந்திருந்தால் அவரிடமே காட்டுங்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்ன எடுத்துப் போவது? மஞ்சள் பை ஒன்றை எடுத்து வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் அதில் போடுங்கள். அரசு மாத்திரை, கட்டப்பனை மாத்திரை, மிச்சமிருக்கும் செட், கஷாயப் பாட்டில், வலித் தைலம், கண் சொட்டு மருந்து இருந்தால் அதுவும். கட்டப்பனைச் சீட்டும் பில்லும் முக்கியம். டாக்டர் மேசையில் எல்லாவற்றையும் கொட்டி, "இதில் அம்மா எதைச் சாப்பிடணும், எதைத் தூக்கிப் போடணும்?" என்று கேளுங்கள். கூட்டம் இருக்கும், அவர் அவசரப்படலாம், பரவாயில்லை, கேளுங்கள். அவர் சொன்னதை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம், மருந்தின் சொந்தப் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்தச் சாப்பாட்டோடு, எதற்காக, இவ்வளவு போதும். இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதைத் தாளின் தலையில் எழுதுங்கள். அதைப் போட்டோ எடுத்து அண்ணன் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். அடுத்த தடவை கட்டப்பனையில் காய்ச்சல் வந்தால் அந்தத் தாளை முதலில் நீட்டிவிட்டுத்தான் அம்மா நாடி காட்ட வேண்டும்.

தாளில் கடைசி வரியாக, டாக்டர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் கண்ணில் படும்படி, இதை எழுதிவையுங்கள்: காலை நாலரைக்கு ஜீப், பத்து மணிக்கு முதல் சாப்பாடு.

அன்புடன்,
உங்கள் மருந்தாளுநர் அக்கா, கம்பம்